பொத்தானின் புதுத்தோற்றமும் தமிழின் இருப்பும்

தமிழ் மென்பொருள் பற்றிய நம் திறனாய்வு இதுவரை எழுத்துரு, விசைப்பலகை, குறியேற்றம் ஆகிய மூன்றையே பெரிதும் அளந்து வந்துள்ளது. பயனர் நாள்தோறும் கையாளும் பொத்தான், உரைப்பெட்டி, பட்டியல் முதலிய இடைமுக உறுப்புகளை அது ஒப்பனைக்குரிய சிறுபொருளாக ஒதுக்கிவிட்டது. இவ்வொதுக்கல் பொருந்தாது என்பதே இக்கட்டுரையின் துணிபு. மேசைக்கணினி மென்பொருளின் உறுப்புகளுக்குப் புதிய காட்சிப்பாணியை அளிக்கும்போதுதான், அம்மென்பொருள் தமிழை எவ்வளவு ஆழமாக ஏற்றிருக்கிறது என்பது வெளிப்படுகிறது.

2001 அக்டோபரில் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பி சாளரங்களின் தலைப்புப் பட்டையைத் தானே மாற்றிவிட்டது. ஆயினும் சாளரத்தின் உள்ளே இருந்த பொத்தான்கள் பழைய சாம்பல் நிறத்திலேயே நின்றன. அவை புதுத்தோற்றம் பெற வேண்டுமாயின், மேனிஃபெஸ்ட் என்னும் சிறு அறிவிப்புக் கோப்பின் வழியாக, காமன் கண்ட்ரோல்ஸ் என்ற உறுப்பு நூலகத்தின் 6ஆம் பதிப்பை மென்பொருளே கேட்டுப் பெற வேண்டும். பின்னர் வந்த டாட்நெட் சூழலில் இப்பணி ஒரு வரிக் கட்டளையாகச் சுருங்கியது. இவ்வளவில் இது எளிய செயலே. ஆனால் அந்த 6ஆம் பதிப்பு ஒருங்குறியை மட்டுமே அடிப்படையாகக் கொண்டது. தமிழுக்குரிய சிக்கல் இவ்விடத்தில் தொடங்குகிறது.

1999இல் தமிழ்நாடு அரசு தரப்படுத்திய டாப், டாம் குறியேற்றங்கள் 8 பிட் இடங்களில் தமிழ் வடிவங்களை அமர்த்தின. உரிய எழுத்துருவை உரைப்பெட்டிக்குச் சூட்டினால் தமிழ் தெரியும். கணினியின் கணக்கிலோ அது ஐரோப்பிய எழுத்துகளின் வரிசையாகவே இருக்கும். தலைப்புப் பட்டை, பட்டியல், எச்சரிக்கைப் பெட்டி ஆகியவை இயங்குதளத்தின் எழுத்துருவையே கொள்வதால், அங்கெல்லாம் தமிழ் சிதைந்து தோன்றும். மறுபுறம், 1998இல் வெளியான விஷுவல் பேசிக் 6 போன்ற கருவிகளின் இயல்பான உறுப்புகள் ஒருங்குறியை அறியாதவை. விண்டோஸில் தமிழுக்கெனத் தனி ஆன்சி குறிப்பக்கம் இல்லாமையால், அவற்றில் இட்ட ஒருங்குறித் தமிழ் வெறும் கேள்விக்குறிகளாக மாறும். இத்தகைய மென்பொருளுக்கு மேனிஃபெஸ்ட் இணைத்தால் பொத்தானின் விளிம்பு வளையும், வண்ணம் பெறும்; கேள்விக்குறிகள் அப்படியே நிற்கும்.

இச்சிக்கலைக் கடக்க மேற்கொள்ளப்படும் வழிகளை மதிப்பிட வேண்டும். பழைய தோற்றத்திலேயே நின்றுவிடுதல் ஒன்று. அதில் நேர்மை உண்டு, எதிர்காலம் இல்லை. தமிழ்ச் சொல்லைப் படமாக வரைந்து பொத்தானின்மேல் ஒட்டுதல் மற்றொன்று. இது கண்ணுக்கு இனிது. ஆனால் படத்தின் உள்ளிருக்கும் சொல்லைத் திரைவாசிப்பான் படிக்க இயலாது. பார்வையற்ற தமிழருக்கு அப்பொத்தான் பெயரற்றது. உள்ளடக்கம் முழுவதையும் ஒருங்குறிக்கு மாற்றியபின் காட்சிப்பாணியை இயக்குதல் மூன்றாவது வழி. உழைப்பு மிகுதியாயினும் இதுவே ஏற்கத்தக்கது.

இம்மூன்றாம் வழியிலும் ஒரு குறை எஞ்சும். உரையாடல் பெட்டியின் அளவுகள் இலத்தீன் எழுத்துகளின் சராசரி அகலத்தைக் கொண்டே கணிக்கப்படுகின்றன. ஆங்கிலத்தில் ஏழு எழுத்தில் முடியும் சொல் தமிழில் ‘விருப்பத்தேர்வுகள்’ என விரியும்போது பொத்தானுக்குள் அடங்குவதில்லை. உயரம் போதாத இடங்களில் மேலே புள்ளியும் கீழே உகரச் சுழியும் வெட்டுண்ணும். விண்டோஸ் 2000 முதல் தமிழுக்கு லதா எழுத்துரு இருந்தது. எனினும் இடைமுகத்துக்கென வடிவமைத்த நிர்மலா யூஐ 2012இல், விண்டோஸ் 8 உடன்தான் வந்தது. இடைப்பட்ட காலத்துத் தமிழ் இடைமுகங்களின் நெருக்கடிக்கு மொழிபெயர்ப்பாளரை மட்டும் குறைகூறுவது முறையன்று.

இவ்வாய்வை யாங்கோன் நகரின் லான்மடாவ் பகுதியிலிருந்து நோக்கினால் அதன் பொருள் கூர்மையடைகிறது. மியன்மாரும் இவ்வழியே நடந்த நாடு. ஸாஜி எழுத்துரு ஒருங்குறியில் பர்மிய மொழிக்குரிய இடங்களையே தன் போக்கில் பயன்படுத்தியது; தன் எழுத்துருவில் செம்மையாகவும் பிறவற்றில் சிதைந்தும் தோன்றியது. 2019 அக்டோபர் 1 அன்று அந்நாடு முறைப்படி ஒருங்குறிக்கு மாறியது. ஆகவே திரையில் ஒழுங்காகத் தெரிவதும் கணினிக்குள் ஒழுங்காக இருப்பதும் வெவ்வேறு என்பதை அங்குள்ள தமிழர் தம் இருமொழி வாழ்விலும் உணரக்கூடியவர். மேலும், 1962க்குப் பிந்தைய இராணுவ ஆட்சியில் தனியார் பள்ளிகள் அரசுடைமையானபின், முறையான தமிழ்க்கல்வி அங்கு ஒடுங்கியது. அத்தகைய சூழலில் வளரும் இளையோருக்குத் திரையிலுள்ள ஒரு பொத்தானின் பெயரும் படிக்கக் கிடைக்கும் தமிழே. அது கேள்விக்குறியாகவோ பாதி வெட்டுண்டோ நிற்குமாயின், தமிழ் இக்காலக் கருவிக்கு ஏலாதது என்ற தவறான பாடத்தையே அவர்கள் பெறுவர்.

எனவே தமிழ் மென்பொருளை மதிப்பிடுவோர் பாராட்டுரைக்கு முன் சில சோதனைகளை மேற்கொள்ள வேண்டும். எச்சரிக்கைப் பெட்டியில் தமிழ் நிற்கிறதா? மிக நீண்ட சொல் முழுமையாகத் தெரிகிறதா? பொத்தானின் பெயரைத் திரைவாசிப்பான் ஒலிக்கிறதா? இவற்றில் தேறாத மென்பொருளின் புதுத்தோற்றத்தை வளர்ச்சியாகக் கணக்கிடுதல் தகாது.