பத்து நிமிட நாடகம்: ஆற்றலும் அபாயமும்

உலகின் பல நகரங்களில் இன்று ஒரு புதிய நாடகாசிரியருக்குக் கிடைக்கும் முதல் மேடை பத்து நிமிட நாடகம். அமெரிக்காவின் லூயிவில் நகரத்து ஆக்டர்ஸ் தியேட்டர், 1976இல் தொடங்கிய ஹியூமானா விழாவின் வழியாக இவ்வடிவத்தை அந்நாடு முழுவதும் அறியச் செய்தது. சிட்னியில் 2002இல் தொடங்கிய ‘ஷார்ட் அண்ட் ஸ்வீட்’ விழா அதை ஆசிய நகரங்களுக்கும் கொண்டுவந்தது. சென்னையும் அவற்றில் ஒன்று. விழாவின் விதிகள் எளியவை. நாடகம் பத்து நிமிடத்தைத் தாண்டக் கூடாது. மேடைப்பொருள்கள் மிகச் சிலவே. ஒரே மாலையில் பத்து நாடகங்கள் வரை அடுத்தடுத்து நடக்கும். நடுவர்கள் ஒரு பக்கம் மதிப்பெண் இட, பார்வையாளர்களும் வாக்களிப்பார்கள்.

இந்த நடைமுறையைப் பற்றி இரண்டு கருத்துகள் புழங்குகின்றன. கைபேசித் தலைமுறையின் பொறுமையின்மைக்கு நாடகம் பணிந்துவிட்டது என்கிறார்கள் ஒரு சாரார். பணமும் பின்புலமும் இல்லாதவர்களுக்கு மேடையைத் திறந்துவிட்ட ஜனநாயகம் என்கிறார்கள் மற்றவர்கள். முன்னவர்கள் போட்டியின் குறையை வடிவத்தின் மேல் சுமத்துகிறார்கள். பின்னவர்கள் வடிவத்தின் பெருமையைப் போட்டிக்குக் கொடுக்கிறார்கள். குறுநாடகம் முழுமையான கலைவடிவம் என்பதிலும், அதைச் சுற்றி வளர்ந்த போட்டிப் பழக்கம் அதன் எழுத்தைக் கெடுத்துவருகிறது என்பதிலும் எனக்கு ஐயமில்லை. இரண்டையும் பிரித்தறியாமல் சமகாலக் குறுநாடகங்களை ரசிக்கவும் முடியாது, திறனாயவும் முடியாது.

குறுகிய நாடகம் நேற்று முளைத்ததல்ல. செகாவின் ‘கரடி’ 1888இலும், ஐரிஷ் எழுத்தாளர் சிங்கின் ‘ரைடர்ஸ் டு தி சீ’ 1904இலும் மேடையேறின. தமிழிலும் பள்ளி ஆண்டுவிழா தொடங்கி வானொலி வரை ஓரங்க நாடகத்துக்கு நீண்ட பழக்கம் உண்டு. ஆனால் பழைய ஓரங்க நாடகம் பெரும்பாலும் பெரிய நாடகத்தின் இலக்கணத்தையே கைக்கொண்டது: அறிமுகம், சிக்கல், உச்சம், தீர்வு. சமகாலக் குறுநாடகத்தின் சிறந்த மாதிரிகள் அந்த இலக்கணத்தைக் கைவிட்டவை.

சாமுவேல் பெக்கெட்டின் ‘கம் அண்ட் கோ’ இதற்கு முன்னோடி. 1960களின் நடுவில் எழுதப்பட்ட இந்த நாடகத்தின் வசனம் நூற்றிருபது சொற்களை ஒட்டியே அமைகிறது. மூன்று பெண்கள் அருகருகே உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருத்தி எழுந்து இருளுக்குள் போகிறாள். எஞ்சியவர்களில் ஒருத்தி மற்றவளின் காதில் ஏதோ சொல்கிறாள், கேட்டவள் அதிர்கிறாள். போனவள் திரும்பி வந்து உட்கார, அடுத்தவள் எழுந்து போகிறாள். இதுவே மூன்று முறை நடக்கிறது. காதில் சொன்னது என்ன என்று கடைசிவரை நமக்குக் கேட்பதில்லை. மூவரில் ஒவ்வொருத்தியைப் பற்றியும் மற்ற இருவருக்கு ஏதோ தெரியும், அவளுக்கு மட்டும் தெரியாது என்பது மூன்றாவது முறையில் நமக்கு உறைக்கிறது. இங்கே கதையில்லை, திருப்பமும் இல்லை. ஒரு செயல் திரும்பத் திரும்ப நிகழ்வதிலேயே பொருள் திரள்கிறது. இதை இரண்டு மணி நேரத்துக்கு நீட்டினால் எதுவும் மிஞ்சாது. இதற்கு அந்தச் சில நிமிடங்களே சரியான அளவு.

ஹெரால்ட் பின்டரின் ‘மவுண்டன் லாங்க்வேஜ்’ 1988இல் லண்டன் நேஷனல் தியேட்டரில் அரங்கேறியது. சுமார் இருபது நிமிட நாடகம். சிறைவாசலில் காத்திருக்கும் மலைநாட்டுப் பெண்களிடம், உங்கள் மொழியைப் பேசக் கூடாது என்கிறது இராணுவம். ஒரு கிழவிக்கு வேறு மொழி தெரியாது. மகனைப் பார்த்தும் பேச முடிவதில்லை. பிறகு விதி மாறிவிட்டது, இனிப் பேசலாம் என்று அறிவிப்பு வருகிறது. மகன் அவளோடு பேசுகிறான். அவள் வாய் திறப்பதில்லை. மொழித்தடை ஒரு மனிதரை என்ன செய்யும் என்பதை விளக்க அங்கே ஒரு வசனம்கூடத் தேவைப்படவில்லை. தடையை எடுத்த பிறகும் பேச்சு திரும்பி வராத அந்த ஒரு நிலைமை போதும். மொழிக்காகப் போராடிய சமூகத்தில் பிறந்த எவருக்கும் அந்த மௌனத்தின் பாரம் புரியும்.

குறுநாடகத்தின் முதல் ஆற்றல் இதுதான்: ஒரே ஒரு நிலைமையைப் பிடித்து, அதைச் சிதறவிடாமல் அடிவரை கொண்டுபோவது. இரண்டாவது ஆற்றல் அதன் வேகம். 1978இல் சஃப்தர் ஹாஷ்மியின் ஜன நாட்டிய மஞ்ச் குழு தில்லியில் நிகழ்த்தத் தொடங்கிய ‘மெஷின்’ பதின்மூன்று நிமிட நாடகம். சைக்கிள் நிறுத்த ஓர் இடமும் தேநீருக்கு ஒரு கேண்டீனும் கேட்ட தொழிலாளர்கள் காசியாபாத் பகுதி ஆலை ஒன்றில் சுடப்பட்ட செய்தியிலிருந்து பிறந்தது அது. நடிகர்களின் உடல்களே சேர்ந்து இயந்திரமாகின்றன. இயந்திரம் சட்டென்று நின்றுபோகிறது. ஏன் நின்றது என்பதே நாடகம். நெருக்கடிநிலைக்குப் பிந்தைய அந்நாள்களில் பெரிய தயாரிப்புகளை அழைத்து நடத்தத் தொழிற்சங்கங்களிடம் பணமில்லை. நாடகம் சுருங்கியதற்கு அதுவும் ஒரு காரணம். அந்த வறுமையை அவர்கள் வடிவமாக மாற்றிக்கொண்டார்கள். இந்திய வீதிநாடகத்தின் பெரும் தொடக்கங்களில் ஒன்றாக அது நிலைத்தது.

நாடகாசிரியர் கேரில் சர்ச்சிலின் ‘செவன் ஜூயிஷ் சில்ட்ரன்’ அதே வேகத்தின் இன்னொரு சான்று. 2008 டிசம்பரில் தொடங்கிய காசா தாக்குதல் ஜனவரியில் ஓய்ந்தது. பிப்ரவரியில் லண்டன் ராயல் கோர்ட்டில் இந்தப் பத்து நிமிட நாடகம் மேடையேறிவிட்டது. ஏழு சிறு காட்சிகள். ஒவ்வொன்றிலும் பெரியவர்கள் கூடி, ஒரு சிறுமியிடம் எதைச் சொல்வது, எதை மறைப்பது என்று வாதிடுகிறார்கள். சிறுமி மேடைக்கு வருவதே இல்லை. எந்த வரியை யார் பேசுவது என்றும் ஆசிரியர் வகுக்கவில்லை. பாலஸ்தீனர்களின் மருத்துவ உதவிக்கு நிதி திரட்டினால் யாரும் கட்டணமின்றி நிகழ்த்தலாம் என்று அனுமதியும் கொடுத்தார். இரண்டு மணி நேர நாடகம் எழுதி, தயாரிப்பாளரைப் பிடித்து, அரங்கு கிடைத்து மேடையேறுவதற்குள் அந்தப் போர் பழைய செய்தியாகியிருக்கும்.

ஆனால் சுருக்கம் கேட்கும் விலையையும் இதே நாடகம் காட்டுகிறது. யூத வெறுப்பு என்ற குற்றச்சாட்டு அதன் மேல் எழுந்தது. சர்ச்சில் அதை மறுத்தார். பல ஆண்டுகள் கழித்து 2022இல், ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் அவருக்கு அறிவித்த நாடக விருதைத் திரும்பப் பெற்றபோதும் இந்த நாடகம் காரணங்களில் ஒன்றாகப் பேசப்பட்டது. நான் அதை யூத வெறுப்பு நாடகமாகப் படிக்கவில்லை. குழந்தையிடம் உண்மையைச் சொல்ல முடியாத பெற்றோரின் தவிப்பே அதன் மையம் என்பது என் வாசிப்பு. எனினும் இந்தச் சர்ச்சைக்கு அரசியலோடு வடிவமும் ஒரு காரணம். கடைசிக் காட்சியில் வெறுப்பு பொங்கும் நீண்ட பேச்சு ஒன்று வருகிறது. அதைப் பேசுபவருக்குப் பெயரில்லை, பின்கதையில்லை. அது ஒரு மனிதரின் குரலா, ஒரு சமூகத்தின் குரலா என்பதைக் கேட்பவரே முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது. பெரிய நாடகத்தில் அவருக்கு ஒரு முகம் இருந்திருக்கும். எதிரில் நின்று மறுப்பவருக்கும் இடம் இருந்திருக்கும். பாத்திரத்தை வளர்க்க நேரமில்லாத வடிவம், வரலாற்றையும் இனத்தையும் தொடும்போது ஒருவரை அவருடைய கூட்டத்தின் சின்னமாக மாற்றிவிடும் அபாயம் எப்போதும் உண்டு. திறமை குறைந்த கைகளில் இந்த அபாயம் இன்னும் பெரிது. கொடுமைக்காரக் கணவன், கண்ணீர் வடிக்கும் மனைவி, கையூட்டு வாங்கும் அதிகாரி என்று நாம் முன்பே முடிவுகட்டி வைத்திருக்கும் ஆள்களே மேடையில் வந்து நிற்பார்கள்.

இது வடிவத்துக்குள்ளேயே இருக்கும் குறை. விழா நடைமுறை சேர்க்கும் குறைகள் வேறு. முதலாவது, கடைசி நிமிடத் திருப்பம். பத்து நாடகங்களுக்கு நடுவில் தன் நாடகம் நினைவில் நிற்க வேண்டும், பார்த்தவர் வாக்குச்சீட்டில் அதைக் குறிக்க வேண்டும் என்ற நெருக்கடியில் எழுதுபவர், முடிவில் ஓர் அதிர்ச்சியை வைக்கிறார். பேசிக்கொண்டிருந்தவர் இறந்துபோனவர், எதிரிகளாக நின்றவர்கள் அண்ணன் தம்பி, நடந்ததெல்லாம் ஒத்திகை. முடிவு தெரிந்துவிட்டால் முன்பகுதிக்கு மதிப்பில்லாமல் போகும் எழுத்து இது. ‘கம் அண்ட் கோ’வை முடிவு தெரிந்தபின் மறுபடி பார்க்கலாம், கூடுதலாக வலிக்கும். திருப்பத்தை நம்பிய நாடகத்தை மறுபடி பார்க்க எதுவும் மிஞ்சுவதில்லை.

இரண்டாவது, சிரிப்பு. நகைச்சுவையின் மேல் எனக்குப் புகாரில்லை. செகாவின் கரடியும் சிரிக்கவைக்கும் நாடகம்தான். ஆனால் சபா நாடகங்களைத் துணுக்குத் தோரணம் என்று நம் விமர்சகர்கள் ஏன் குறை சொன்னார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. அடுத்த கைத்தட்டலுக்காக வசனம் எழுதப்படும்போது நிலைமை முன்னே நகர்வதில்லை. பத்து நிமிடத்தில் ஐந்து நிமிடம் அப்படிப் போனால் நாடகத்தில் பாதி போயிற்று. பார்வையாளர் வாக்கு இந்தப் பழக்கத்துக்குத் தீனி போடுகிறது. சிரித்தவர் கை உடனே வாக்களிக்கும். கலங்கியவருக்கு யோசிக்க நேரம் வேண்டும். நடிகர் கூட்டம் பெரிதாக உள்ள குழுவுக்கு அரங்கில் நண்பர்களும் அதிகம் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

மூன்றாவது, தொகுப்பு. ஒன்றோடொன்று தொடர்பில்லாத பத்து நாடகங்களை நடுவில் மூச்சுவிட இடமில்லாமல் பார்ப்பவர் மனத்தில், ஒன்றின் ஈரம் காய்வதற்குள் அடுத்தது வந்து விழுகிறது. சர்ச்சிலின் ‘லவ் அண்ட் இன்ஃபர்மேஷன்’ (2012) ஐம்பதுக்கும் மேற்பட்ட குட்டிக் காட்சிகளால் ஆனது. நூற்றுக்கும் மேற்பட்ட பாத்திரங்கள். ஆனாலும் அறிதலுக்கும் அன்புக்கும் இடையிலுள்ள உறவு என்ற ஒரே கேள்வி எல்லாவற்றையும் கோத்துநிற்கிறது. விழா அமைப்பாளர்கள் கற்க வேண்டிய பாடம் அதில் இருக்கிறது. எதன் பக்கத்தில் எதை வைப்பது என்பதும் படைப்பின் ஒரு பகுதி.

நான்காவது, குறுநாடகத்தை முகவரி அட்டையாகப் பயன்படுத்துவது. கலைஞர் தொலைக்காட்சி 2009இல் தொடங்கிய ‘நாளைய இயக்குநர்’ போட்டியின் குறும்படங்கள் வழியே கார்த்திக் சுப்பராஜ், நலன் குமாரசாமி போன்றவர்கள் தமிழ்த் திரையுலகுக்கு வந்தார்கள். அது சினிமாவுக்கு நல்ல வரவு. ஆனால் குறும்படம் என்ற வடிவம், பெரும்படத்துக்குப் போகும் வழியில் மிதித்து ஏறும் படியாகவே பொதுப்புத்தியில் பதிந்துவிட்டது. குறுநாடகத்துக்கும் அதே கதி நேர்கிறது. சிறந்த குறுநாடகம் எழுதியவரிடம் நாம் கேட்கும் முதல் கேள்வி, முழுநீள நாடகம் எப்போது என்பதுதான். நல்ல சிறுகதை எழுதுபவரிடம் நாவல் கேட்டு நச்சரிக்கும் அதே பழக்கம்.

எண்ணிக்கையைப் பற்றியும் ஒரு சொல். அமெரிக்க நாடகாசிரியர் சூசன்-லோரி பார்க்ஸ் 2002 நவம்பரில் தொடங்கி நாளுக்கு ஒன்று என ஓராண்டில் 365 குறுநாடகங்கள் எழுதினார். 2006 நவம்பர் முதல் ஓராண்டு முழுவதும் அந்நாட்டின் நூற்றுக்கணக்கான குழுக்கள் அவற்றைப் பகிர்ந்துகொண்டு நிகழ்த்தின. பெரிய அரங்கும் கல்லூரிக் குழுவும் ஒரே ஆசிரியரின் பிரதியைச் சமமாகக் கையாண்ட அந்த ஏற்பாடு போற்றத்தக்கது. ஆனால் 365 நாடகங்களும் ஒரே தரத்தவை அல்ல. சில வெறும் குறிப்புகளாகவே நிற்கின்றன. தினமும் எழுதுவது எழுத்தாளருக்கு நல்ல பயிற்சி. அந்தப் பயிற்சியில் விளைந்த அனைத்தையும் படைப்பென்று கொண்டாட வேண்டிய கட்டாயம் பார்வையாளருக்கு இல்லை. பார்க்ஸ் அதற்குமுன் புலிட்சர் பரிசு பெற்றவர் என்பது இந்த மதிப்பீட்டை மாற்றக் கூடாது.

அப்படியானால் புதிய குறுநாடகத்தை எதைக் கொண்டு எடைபோடுவது? நான் மூன்று கேள்விகளை நம்புகிறேன். இந்த நிலைமைக்கு இந்த நேரம்தான் சரியான அளவா, அல்லது இது பெரிய நாடகம் ஒன்றின் வெட்டிய துண்டா? முடிவு தெரிந்தபின் மறுபடி பார்க்கத் தூண்டுகிறதா? மேடையில் நின்றவர் நாம் ஏற்கெனவே அறிந்த வகைமாதிரியாகவே நின்றாரா, ஒரு கணமாவது நாம் எதிர்பாராத மனிதராக மாறினாரா? மூன்றுக்கும் நல்ல விடை தரும் பத்து நிமிடம், சுமாரான இரண்டு மணி நேரத்தைவிட மேலானது.

விமர்சகர்களின் பொறுப்பையும் சொல்லியாக வேண்டும். விழாச் செய்தி எழுதுபவர்கள் ஒரு நாடகத்துக்கு ஒரு வரி ஒதுக்கி, பரிசு பெற்றவர் பட்டியலோடு முடித்துக்கொள்கிறார்கள். பத்தில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு அது எப்படி வேலை செய்கிறது என்று ஒரு பக்கம் எழுதினால், அந்த ஆசிரியருக்கு மட்டுமல்ல, அடுத்து எழுத வருபவருக்கும் அது பாடமாகும்.

அப்படி எழுதப் பிரதி அச்சில் கிடைக்க வேண்டும். தமிழில் அதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. 1977இல் கூத்துப்பட்டறையும் 1978இல் ஞாநியின் பரீக்‌ஷாவும் என்ற நாடகக் குழுக்கள் தொடங்குவதற்கு முன்பே நாடகாசிரியர் ந. முத்துசாமியின் தொடக்ககால நாடகங்கள் சிறுபத்திரிகைகளில் அச்சாகிவிட்டன. ‘நாற்காலிக்காரர்’ போன்ற சிறு நாடகம் இன்றும் வாசிக்கப்படுவதற்கும் நிகழ்த்தப்படுவதற்கும், பிரதி கையில் கிடைப்பதே முதற்காரணம். இன்றைய குறுநாடகங்களில் பெரும்பாலானவை ஒரு மாலையோடு மறைகின்றன. பிரதி எழுதியவரின் கணினியிலேயே தங்கிவிடுகிறது. இலக்கிய இதழ்கள் மாதம் ஒரு குறுநாடகப் பிரதிக்குச் சில பக்கங்கள் ஒதுக்கட்டும். விழா நடத்துபவர்கள் பரிசுத்தொகையின் ஒரு பகுதியைத் தேர்ந்த நாடகங்களை மறுபடி மேடையேற்றவும் பிரதிகளை நூலாக்கவும் செலவிடட்டும். பார்வையாளர்கள் வாக்களிப்பதோடு நில்லாமல், பிடித்த நாடகத்தை இரண்டாம் முறை பார்க்கவும் வர வேண்டும். இரண்டாம் முறையும் நிற்கும் நாடகமே நம் மொழியில் தங்கும்.