எழவு வீடும் ஜாம்பிப் படமும்

மதுரையில் ஒரு தியேட்டரை விட்டு வெளியே வரும்போது எனக்கு முன்னால் படியிறங்கிய இளைஞன் ஒருவன் தன் நண்பனிடம் சொன்னான்: "ஜாம்பிப் படம்னு கூட்டியாந்து எழவு வீட்ல ஒக்கார வச்சுட்டான்டா." 2025 ஜூனில் வெளிவந்த '28 இயர்ஸ் லேட்டர்' படத்தைப் பற்றி ஆங்கிலத்தில் நான் படித்த மதிப்புரை எதுவும் இந்த ஒரு வாக்கியத்தின் அருகில் வரவில்லை. அவன் அதை வசையாகத்தான் சொன்னான். வசையே விமர்சனமாகிவிடுவது நம் சிற்றிதழ்ச் சூழலுக்குப் பழகிய விஷயம்தான். ஆனால் இந்த வசையில் படத்தைப் பற்றிய ஒரு பிரக்ஞை இருக்கிறது.

டேனி பாயில் இயக்கி அலெக்ஸ் கார்லண்ட் எழுதிய முதல் படம் '28 டேஸ் லேட்டர்' 2002இல் வந்தது. இரண்டாவதை 2007இல் வேறொருவர் இயக்கினார். பிறகு பதினெட்டு வருஷ மௌனம். பழைய இருவரும் மறுபடி சேர்கிறார்கள் என்றவுடன் காத்திருப்பு ஒரு விரதத்தின் தீவிரத்தை அடைந்துவிட்டது. முன்னோட்டத்தில் கிப்ளிங்கின் போர்க்கவிதை ஒன்றை நூறு வருஷத்துக்கு முந்திய ஒலிப்பதிவில் ஒரு குரல் சொல்லச் சொல்ல, பயம் படிப்படியாக ஏறும். அதில் ஒரு கணம் தலைகாட்டிய எலும்புருவத்தை முதல் படத்தின் நாயகன் சிலியன் மர்ஃபி என்று உலகமே அடித்துச் சொன்னது. அது அவரல்ல. ரசிகன் தான் பார்க்க விரும்பியதை ஏற்கெனவே பார்க்கத் தொடங்கிவிட்டான் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

படம் வந்தது. குறைகளும் வந்தன. பயம் போதவில்லை, இரண்டாம் பாதி அழுகை, ஐபோனில் எடுத்த காட்சிகள் கண்ணை உறுத்துகின்றன, முடிவு கோமாளித்தனம். விமர்சகர்கள் புகழ்ந்த அளவுக்கு ரசிகர்கள் புகழவில்லை. இந்த இடைவெளியைக் கண்டதும் 'வெகுஜன ரசனை' என்று ஒரு முத்திரை குத்திவிட்டுப் போய்விடுவது நமக்கு சுலபம். நானும் படியிறங்கும்போது அதைத்தான் செய்தேன். பஸ்ஸில் திரும்பும்போதுதான் அது போதாது என்று பட்டது.

ரசிகன் எதற்காகக் காத்திருந்தான்? ஜாம்பிப் படம் அவனுக்குக் கொடுப்பது ஒரு லைசென்ஸ். மனித உருவத்தில் ஓடிவரும் ஒன்றை, துக்கமில்லாமல், குற்றவுணர்வில்லாமல் கொல்லலாம் என்ற லைசென்ஸ். அது யாருடைய மகன், எந்தத் தெரு, கடைசியாக என்ன சாப்பிட்டது என்று கேட்க வேண்டியதில்லை. தலையில் அடித்தால் போதும், விசில் பறக்கும்.

இந்த லைசென்ஸ் ஆதியில் இருந்ததல்ல. ஹைட்டியில் பிறந்த ஜாம்பி யாரையும் கடிப்பவனல்ல. செத்த பிறகும் விடுதலை கிடைக்காமல், எழுப்பப்பட்டு, கரும்புத் தோட்டத்தில் வேலை வாங்கப்படும் கூலி அவன். அடிமைகளின் சந்ததியார் கற்பனை செய்த மகா பயங்கரம் சாவல்ல. சாவுக்குப் பிறகும் தொடரும் வேலை. 1932இல் வந்த 'ஒயிட் ஜாம்பி'யில் ஒரு காட்சி: ஆலையைச் சுற்றித் தள்ளிக்கொண்டிருப்பவர்களில் ஒருவன் இயந்திரத்துக்குள் விழுகிறான், மற்றவர்கள் நிற்கவில்லை, தள்ளிக்கொண்டே போகிறார்கள். ஜார்ஜ் ரொமேரோவின் 1968 படத்தில்தான் செத்தவன் தின்பவனாக மாறுகிறான், அதன்பின் அவனைச் சுடுவது நியாயமாகிறது. ஆனால் ரொமேரோ ஏமாந்தவரல்ல. இரவு முழுக்க உயிரைக் காப்பாற்றிக்கொண்ட கறுப்பு நாயகனை, காலையில், தேடி வந்தவர்கள் ஜாம்பி என்று சுட்டு, பிணங்களோடு பிணமாக எரிக்கிறார்கள். லைசென்ஸ் வழங்கிய படமே அது எப்படிப்பட்ட லைசென்ஸ் என்றும் காட்டிவிட்டது. பின்னால் வந்தவர்கள் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

நம் பேய் வேறு ஜாதி. எங்கள் பக்கத்தில் கோடாங்கி உடுக்கை அடித்து முதலில் கேட்பது "நீ யாரு, எந்த ஊரு" என்பதைத்தான். பேய் பெயர் சொல்லும், செத்த விதம் சொல்லும், என்ன வேண்டும் என்று சொல்லும். சொன்ன பிறகுதான் இறங்கும். தமிழ் சினிமா எவ்வளவு மலினப்பட்டாலும் இந்த ஒன்றை விடவில்லை. 'காஞ்சனா'வில் (2011) அத்தனை கூச்சலுக்கும் நடுவே, பேய்க்கு ஒரு முன்கதை உண்டு. கொல்லப்பட்ட ஒரு திருநங்கையின் கதை அது. முன்கதை வந்ததும் தியேட்டர் பேயின் பக்கம் சாய்ந்துவிடுகிறது. 2016இல் சக்தி சௌந்தர் ராஜனின் 'மிருதன்' வந்தபோதுதான் முன்கதை இல்லாத பிணங்கள் நம் திரையில் கூட்டமாக ஓடிவந்தன. சிவகாசியில் பார்த்தேன். போக்குவரத்துப் போலீஸ்காரன் சுடச்சுடக் கைதட்டல். கடைசியில் நாயகனே நோய் தொற்றி மிருதனாகும்போது கைதட்டியவர்கள் அமைதியானார்கள். பெயருள்ள ஒருவன் பெயரில்லாதவர்களின் வரிசையில் போய்ச் சேர்ந்துவிட்டான். அவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அதன் தொடர்ச்சிக்காக இன்றும் காத்திருப்பவர்களை எனக்குத் தெரியும். அந்த அமைதி தொடர வேண்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை.

பாயில் செய்திருப்பது இந்த அமைதியில் படத்தைத் தொடங்குவதுதான். கடல் வற்றும்போது மட்டும் நடந்து கடக்கக்கூடிய பாதை கொண்ட ஒரு தீவு. பன்னிரண்டு வயது ஸ்பைக்கை அவன் தகப்பன் முதல் கொலைக்குக் கூட்டிப்போகிறான். அம்பு கழுத்தில் தைக்கிறது. மதுரையில் விசில் பறந்தது. ஊர் திரும்பியதும் தீவு விருந்து வைக்கிறது. தகப்பன் மகனின் வீரத்தைக் கூட்டிச் சொல்கிறான். அந்தப் பொய்யைக் கேட்கும் பையனின் முகத்தை காமிரா பார்க்கிறது. அந்த இடத்திலிருந்து விசில் குறைந்தது. பையன் நோயாளித் தாயைக் கூட்டிக்கொண்டு, பைத்தியக்காரர் என்று ஊர் ஒதுக்கிய டாக்டர் கெல்சனைத் தேடிப் போகிறான். அவர் எலும்புகளால் கோபுரங்கள் எழுப்பியிருக்கிறார், மண்டையோடுகளை அடுக்கி வைத்திருக்கிறார். அதில் நோய் கண்டவரும் காணாதவரும் ஒன்றாகவே இருக்கிறார்கள். முதல் படத்திலிருந்தே இவர்கள் செத்தவர்களல்ல, வெறிநோய் கண்டவர்கள்தான். இருபத்து மூன்று வருஷமாக நாம் நோயாளிகளைக் கொன்றதற்குக் கைதட்டியிருக்கிறோம் என்பதைச் சொல்ல ஒரு டாக்டர் வர வேண்டியிருந்தது. தாய் அங்கே சாகிறாள். சுத்தம் செய்த மண்டையோட்டை மகன் கோபுரத்தின் உச்சியில் கொண்டுபோய் வைக்கிறான். தியேட்டரில் அப்போது பத்துப் பதினைந்து செல்போன்களின் வெளிச்சம் தெரிந்தது.

இனி அந்த முடிவு. வண்ண உடைகளும் பொன்னிற முடியுமாக ஒரு கும்பல் குதித்து வந்து, சர்க்கஸ்போல ஜாம்பிகளைக் கொன்று குவிக்கிறது. பிரிட்டிஷ் ரசிகன் அந்த உடையில் ஜிம்மி சாவில் என்பவரைக் கண்டு திடுக்கிட்டான். குழந்தைகளின் அபிமானத் தொலைக்காட்சி மனிதர். 2011இல் செத்த பிறகுதான் அவர் குழந்தைகளைச் சூறையாடியவர் என்பது ஊரறிந்தது. அந்தப் பெயர் தெரியாத நாம் சிரித்தோம். அடுத்த படத்துக்கு இதில் ஒரு வாசல் திறக்கிறது என்பது உண்மைதான். ஆனாலும் இது படத்தின் பலவீனம் என்றே நினைக்கிறேன். துக்கத்தில் உட்காரவைத்தவர் கடைசி ஐந்து நிமிஷத்தில் பழைய லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்து அனுப்புகிறார். அழுகையைக் குறை சொன்னவனும் சர்க்கஸைக் குறை சொன்னவனும் எதிர்க்கட்சிக்காரர்களல்ல. இரண்டும் ஒரே படத்தில் எப்படி இருக்க முடியும் என்பதே இருவருக்கும் தாங்கவில்லை.

நான் வேலை பார்ப்பது வெம்பக்கோட்டையில், ஒரு வங்கிக் கிளையில். இங்கே லைசென்ஸ் என்ற சொல்லுக்கு நாக்பூர் லைசென்ஸ், சென்னை லைசென்ஸ், டி.ஆர்.ஓ. லைசென்ஸ் என்று வகைகள் உண்டு, எல்லாம் பட்டாசுக்கு. 2012 செப்டம்பரில் முதலிப்பட்டியில் ஏறக்குறைய 40 பேர். 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் 20க்கு மேல். 2024 பிப்ரவரியில் ராமுதேவன்பட்டியில் 10. நான் இப்போது செய்ததைப் பாருங்கள்: ஊர், மாதம், எண். மறுநாள் பத்திரிகையில் பெயர் இருக்கும், மறுவருஷம் எண் மட்டும் இருக்கும். முதலிப்பட்டியில் செத்தவர்களில் பலர் அங்கே வேலை பார்த்தவர்களே அல்லர்; புகையைப் பார்த்து, உதவவும் வேடிக்கை பார்க்கவும் பக்கத்து ஊர்களிலிருந்து ஓடிவந்தவர்கள். பார்வையாளன் என்ற சொல்லை எழுதும்போதெல்லாம் எனக்கு அவர்கள் ஞாபகம் வருகிறது.

ஒரு தடவை, இறந்துபோன கணவனின் கணக்கை முடிக்க ஓர் அம்மா வந்திருந்தார். படிவத்தை நிரப்பிக்கொண்டே, தலை நிமிராமல், "பேரு சொல்லுங்கம்மா" என்றேன். பதில் இல்லை. மறுபடி கேட்டேன். பாஸ்புக்கை என் பக்கம் நகர்த்தி, பெயர் இருந்த இடத்தில் விரலை வைத்து, "இதுல இருக்கு சார்" என்றார். புருஷன் பெயரைச் சொல்லாத பழக்கத்தை அவன் போன பிறகும் அவர் விடவில்லை. நான் எழுதிக்கொள்ள வேண்டியது அந்தப் பெயர். அவருக்கோ அது வாயில் வராத அளவுக்கு உள்ளே இருக்கும் பெயர். கெல்சனின் கோபுரத்தைத் திரையில் பார்த்தபோது அந்த விரல்தான் என் கண்முன் நின்றது.

மாட்டுத்தாவணியில் அந்த இளைஞனும் நான் ஏறிய பஸ்ஸில்தான் ஏறினான். முன் கம்பியைப் பிடித்திருந்த அவன் நகக்கண்களில், எவ்வளவு தேய்த்தாலும் போகாத வெள்ளிப்பொடி இருந்தது. மருந்து வேலை. சாத்தூரில் இறங்கிப் போனான். எழவு வீடு என்ற சொல்லை அவன் உவமையாகச் சொல்லியிருக்க மாட்டான். எத்தனை வீடுகளில் உட்கார்ந்திருப்பானோ. இரண்டு மணி நேரம் அங்கிருந்து தப்பிக்க டிக்கெட் வாங்கியவனை மறுபடி அங்கேயே உட்காரவைத்துவிட்டார்கள். அவன் கோபத்தை ரசனைக் குறைவு என்று எழுதும் தகுதி எனக்கில்லை.

ஆனாலும் பாயில் செய்தது சரி என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். விசிலடித்துக் கொன்ற கூட்டத்திலிருந்து ஒருவரையாவது வெளியே எடுத்து, கழுவி, உயரத்தில் வைத்துவிட்டுத்தான் அடுத்த பாகத்துக்குப் போக வேண்டும் என்று ஒரு வணிகப் படம் நினைத்திருக்கிறது. அதை அந்த இளைஞனிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. எந்த வார்த்தையில் சொல்வதென்று தெரியாமல் என் நிறுத்தமும் வந்துவிட்டது.