வெந்நீரில் கால் வைத்தபடி

வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையில் மலாக்காவுக்குப் பறக்கும் கார்களில் பல பெடாஸ் பலகையைக் கவனிப்பதே இல்லை. நட்டம் அவர்களுக்குத்தான்.

ரெம்பாவ் மாவட்டத்துப் பெடாஸில் வெந்நீர் ஊற்று உண்டு. பாட்டி சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக் குளத்தோரம் உட்கார்ந்துவிட்டால், குடும்பத்தின் அன்றைய திட்டமெல்லாம் அதோடு சரி. இருட்டோடு எழுந்து தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போன தலைமுறை அது. வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். அந்த வேலையில் சாவகாசத்துக்கு ஏது இடம்? இப்போது விரட்ட மண்டோர் இல்லை. பேரப்பிள்ளைகளின் நச்சரிப்பும் எடுபடாது.

பசித்தால் நெகிரி செம்பிலானின் பேர்போன மாசாக் லெமாக் சிலி ஆப்பி: தேங்காய்ப்பால், மஞ்சள், சின்னஞ்சிறு காரமிளகாய். புகையில் வாட்டிய இறைச்சி சேர்ந்தால் இன்னும் விசேஷம். அள்ளி விழுங்க முடியாது, காரம் விடாது.

போர்ட்டிக்சன் கடற்கரையை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.