படுகளமும் லயமும்: மலையகக் கூத்திற் போர்

போரைப் பொருளாகக் கொண்ட அற்புதப் புனைவுகளை நமது முற்போக்கு விமர்சனம் பெரும்பாலும் இரண்டொரு வரிகளில் ஒதுக்கியே வந்துள்ளது. மாண்டோர் மீள்வதும் தெய்வங்கள் களம் புகுவதும் நிலமானிய மனமயக்கங்கள் என்று கூறுவதோடு ஆய்வு முடிந்துவிடும். ஹற்றன், நுவரெலியாப் பகுதித் தோட்டங்கள் பேணி வந்த பொன்னர் சங்கர் கூத்தையும் அவ்வாறு ஒதுக்கிவிடலாம். ஆயின், ஒரு பேர்ச் நிலமேனும் சொந்தமில்லாத மக்கள் நிலவுடைமையாளரின் எல்லைப் போரைத் தலைமுறைதோறும் விடிய விடிய ஆடியது ஏன் என்ற வினா எஞ்சி நிற்கும்.

கதை கொங்கு நாட்டுக்குரியது. பிரெண்டா பெக் 1965இல் அப்பகுதியில் ஒலிப்பதிவு செய்த வடிவத்தை ஆதாரமாகக் கொண்டு 1982இல் நூல் வெளியிட்டார். காட்டைத் திருத்தி வயலாக்கிய உழுகுடிக்கும் காட்டை நம்பி வாழ்ந்த வேட்டுவருக்கும் இடையிலான முரண்பாடே இதன் அடித்தளம். வயலை உழக்கி அழிக்கும் கொம்பன் என்ற பன்றி அம்முரண்பாட்டின் அற்புத உருவம் எனலாம். சகோதரர் இருவரும் ஈற்றில் தம் வாளாலேயே மாள்கின்றனர். தங்கை தங்காள் படுகளம் சென்று புலம்பித் தெய்வ அருளால் அவர்களைச் சிறிது பொழுது எழுப்புகின்றாள்.

இக்கதையில் நாயகரினும் நமது கவனத்துக்குரியவன் சாம்புவன். ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த ஏவலாளன் அவன். தனக்குப் பங்கில்லாத நிலத்துக்காகப் போரிடுகின்றான். தோட்டத்தில் இக்கூத்தை ஆடியோரின் மூதாதையரிற் பெரும்பாலோர் ஊரில் நின்ற இடம் அரசகுமாரர் இடமன்று, சாம்புவனின் இடமே. முடிபுனைந்து ஆடிய ஓரிரவு முடிந்ததும் அவர்கள் பெரட்டுக்குத் திரும்பினர்.

அம்மக்களுக்கு மெய்யான போர் வாளோடு வரவில்லை. இரண்டாம் உலகப் போர் விலையேற்றமாக வந்தது. கூலி உயர்வு கேட்ட போராட்டத்தில், 1940 சனவரியில், முல்லோயாத் தோட்டத் தொழிலாளி கோவிந்தன் பொலிசாரின் துப்பாக்கிக்குப் பலியானார். 1942இல் பர்மா யப்பானியர் வசமானதும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது, பங்கீடு வந்தது. பிரித்தானிய உணவு அமைச்சு தேயிலையை மொத்தமாகக் கொள்வனவு செய்தது. கொழுந்து பறித்தவள் தன்னையறியாமலே அப்போரில் ஈடுபட்டிருந்தாள். போர் முடிந்து மூன்றாண்டில், 1948இல், குடியுரிமைச் சட்டம் அவளை நாடற்றவளாக்கியது. வென்ற தரப்புக்கு உழைத்தவளுக்குக் கிடைத்த பரிசு இது!

இவ்வகைப் போருக்குக் கூத்தில் இடமில்லை என்பது உண்மை. அங்கு பசி இல்லை, பங்கீட்டு அட்டை இல்லை. கதையின் ஒப்பாரி வேட்டுவரின் வாசலுக்குச் செல்வதுமில்லை. இவை அற்புதப் புனைவின் வர்க்க எல்லைகள். ஆயினும் தங்காளின் புலம்பலை வெறும் மயக்கம் என்று தள்ள நான் உடன்படேன். லயத்து வாசலில் இழவு வீட்டார் பாடும் ஒப்பாரியின் உணர்ச்சி அதனுட் புகுந்துள்ளது. அண்ணன்மார் எழுந்ததும் போர் தொடரவில்லை, வெற்றி கிட்டவில்லை, நிலமும் மீளவில்லை. சிறிது பொழுதே கண்டு, மீண்டும் பிரிகின்றனர். வீர விழாவாக மட்டும் இக்கூத்தைக் கொண்டாடும் பண்பாட்டுவாதிகள் இப்பகுதியை விரைந்து கடந்துவிடுகின்றனர்.

உள்நாட்டுப் போரை எழுதிய நாவல்கள் யதார்த்த நெறியையே பற்றின. தெளிவத்தை ஜோசப்பின் ‘குடை நிழல்’ கொழும்பில் வாழும் மலையகத் தமிழன் ஐயத்தின்பேரிற் கைதாவதைக் கூறுகின்றது. அங்கே போர் கதவைத் தட்டும் ஓசையாக வருகின்றது. வன்னிக்குப் பெயர்ந்த மலையக மக்களைச் சயந்தனின் ‘ஆதிரை’ (2015) தன் களத்தினுட் கொண்டது. கூத்து காட்டாத கைதையும் இடப்பெயர்வையும் இவை காட்டுகின்றன. ஆனால் இறந்தவனோடு உயிருள்ளவள் பேசிக்கொள்ளும் அந்தச் சிறு பொழுதைத் தங்காள் போல் யதார்த்த நாவல் எளிதிற் பெற்றுவிடுவதில்லை.

1977 வன்செயலிலும் 1983 யூலையிலும் தோட்டங்களை விட்டு வன்னி சென்ற குடும்பங்கள் பல, 2009இல் முள்ளிவாய்க்கால் வரை துரத்தப்பட்டன. தப்பியோர் மெனிக் பாம் முகாமின் முட்கம்பிக்குள் வைக்கப்பட்டனர். படுகளத்துக்குச் சென்று தன்னவரைத் தேடத் தங்காளுக்கு வழி இருந்தது. அவர்களுக்கு அது மறுக்கப்பட்டது.