வெங்கா: எது கோர், எது பிளகின்?

வேர்ட்பிரஸில் ஒரு பதிவுக்கு "செட்டிகுளம் சின்ன வெங்காயம்" என்று தலைப்பு வையுங்கள். தானாக உருவாகும் முகவரியின் கடைசியில் நிற்பது "செட்டிகுளம்-சின்ன-வெங்கா". 'யம்' போயே போச்சு. எங்க ஊர் வெங்காயத்துக்கே இந்தக் கதி.

காரணம் சின்னக் கணக்குதான். முகவரியின் இந்தப் பகுதியை (ஸ்லக்) வேர்ட்பிரஸ் 200 இட அகலமுள்ள ஒரு பத்தியில் சேமிக்கிறது. தமிழை அப்படியே வைப்பதில்லை, சதவீதக் குறி போட்டு மாற்றி வைக்கிறது. யூனிகோடில் ஒரு தமிழ்க் குறிக்கு யுடிஎஃப்-8இல் 3 பைட், ஒவ்வொரு பைட்டும் 3 இடம் பிடிக்கும், ஆக 9. 'டி' என்பது ட, இகரக் கொக்கி என இரண்டு குறி, எனவே 18. நம்ம தலைப்பில் 25 குறி, 2 இடைவெளி: மொத்தம் 227. 'சின்ன'வை எடுத்துட்டா 181, அடங்கிடும். ஆனா இங்கே விளையறது சின்ன வெங்காயமாச்சே! ஆங்கிலத் தலைப்புக்கு 200 எழுத்து, நமக்கு 22 குறி.

கோருக்குள் எதைச் சேர்ப்பது என்பதற்கு வேர்ட்பிரஸ் ஒரு விதி சொல்கிறது: பயனர்களில் 80 சதவீதம் பேராவது பயன்படுத்துவதே கோர், மற்றதெல்லாம் பிளகின். வசதிகளைப் பொறுத்தவரை நல்ல விதி. 2012இல் வந்த 3.5 பதிப்பிலிருந்து, புதுத் தளங்களில் இணைப்புப் பட்டியல் நிர்வாகத்தை மறைத்து பிளகினுக்குத் தள்ளினார்கள். யாருக்கும் பெரிய நஷ்டமில்லை.

ஆனா பத்தியின் அகலம் வசதியா? பிளகின் மேலே ஒன்றைச் சேர்க்கும். அஸ்திவாரத்தை அகலப்படுத்துவது அதன் வேலையில்லை. நாமே தரவுத்தளத்தில் 400 ஆக்கினாலும், பின்னால் ஒரு மேம்படுத்தலில் கோர் தன் வரையறையோடு ஒப்பிட்டு 200க்கே திருப்பிவிடக்கூடும். இங்கே 80 சதவீதக் கேள்வியைக் கேட்பதே தப்பு. வாக்கெடுப்பு வைத்தால் தமிழ் எப்பவும் தோற்கும்.

முடியாத காரியமும் இல்லை. 2015இல் 4.2 பதிப்பில், எமோஜி உள்ளிட்ட 4 பைட் எழுத்துகளைச் சேமிப்பதற்காக அட்டவணைகளையே மாற்றினார்கள். எமோஜிக்கான ஸ்கிரிப்டும் கோருக்குள் வந்தது. அப்போதே ஸ்லக்கின் இன்டெக்ஸை முதல் 191 எழுத்தோடு நிறுத்திவிட்டார்கள். அதனால் பத்தியை அகலமாக்கினால் இன்டெக்ஸ் வீங்கும் என்ற வாதமும் நிற்காது.

இன்னொன்று பாருங்க. ஜெர்மன் மொழித் தளத்தில் புள்ளி வைத்த 'ஏ'யை 'ஏஈ' என்று இரண்டு ரோமன் எழுத்தாக மாற்றும் நிரல் கோரிலேயே இருக்கிறது. டேனிஷுக்கும் உண்டு. ரஷ்யர்கள் அதே வேலைக்கு 'சிர்-டு-லாட்' பிளகினைத் தேடிப் போகணும். இதில் 80 சதவீதம் எங்கே வந்தது?

அதற்காகத் தமிழுக்கும் ரோமன் மாற்றத்தைக் கோரில் கேட்க மாட்டேன். நம்ம 'க' ஓரிடத்தில் கா, இன்னோரிடத்தில் கா-வின் மெலிந்த ஒலி. செட்டிகுளத்தின் 'கு'வுக்கு 'கே' போடுவதா, 'ஜி' போடுவதா? 'செ'வுக்கு 'சிஹெச்'சா, 'எஸ்'ஸா? தளத்துக்குத் தளம் விடை மாறும். அது பிளகின் சமாச்சாரம்தான். நான் கேட்பது அந்தப் பத்தியின் அகலம் மட்டும்.