மில்லிமீட்டரில் தடுமாறும் ஈர்ப்புக் கொள்கைகள்

கோள்களின் கணக்கு இடித்தபோதெல்லாம் வானியலில் இரு கட்சிகள் எழுந்திருக்கின்றன. கண்ணுக்குப் படாத பொருள் இழுக்கிறது என்பது ஒன்று. விதியையே திருத்த வேண்டும் என்பது மற்றொன்று. யுரேனஸ் பிசகியபோது முதல் கட்சி வென்றது. 1846-இல் நெப்டியூன் அகப்பட்டது. புதனின் பாதையில் நூற்றாண்டுக்கு 43 விகலை மிஞ்சியபோது அதே கட்சி ‘வல்கன்’ என்றொரு கோளைத் தேடி ஏமாந்தது. 1915-இல் ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் கணக்கை நேராக்கியது.

நம் காலத்து வழக்கு 1990 டிசம்பர் 8-இல் தொடங்கியது. பூமியை 960 கி.மீ. உயரத்தில் கடந்த கலிலியோ விண்கலம், கணக்கிட்டதைவிட நொடிக்கு 3.92 மி.மீ. கூடுதல் வேகத்துடன் வெளியேறியது. 1998-இல் நியர் விண்கலத்துக்கு இது 13.46 மி.மீ. வரும்போது பதிவான டாப்ளர் அளவுகளுக்குக் கச்சிதமாகப் பொருந்திய பாதை, போகும்போது பதிவானவற்றோடு ஒட்டவே இல்லை. நொடிக்கு 6.85 கி.மீ. போகும் கலத்துக்கு இது அற்பம்தான்; ஆனால் அளவீட்டின் பிழை வரம்பு வெறும் 0.01 மி.மீ.

விளக்கங்கள் குவிந்தன. பூமியைச் சூழ்ந்த கரும்பொருள் காரணமாகலாமா என்று ஆராய்ந்தார் ஸ்டீபன் ஆட்லர். நிலைமத்தையே மாற்றி எழுதினார் மைக் மெக்கலக். மில்கிரோம் 1983-இல் முன்வைத்த ‘மாண்ட்’ கொள்கைக்கோ இங்கே வேலையில்லை. அது விண்மீன் மண்டல ஓரங்களின் மிக நுண்ணிய முடுக்கங்களுக்கானது. மூன்றாவது கட்சி, கலத்தையே சோதிக்கச் சொல்கிறது. பயனியர் கலங்கள் கணக்கைவிடச் சற்று மெதுவாகச் சென்ற புதிரை 2012-இல் தீர்த்தது அதுதான்: கலம் ஒருபக்கமாக உமிழ்ந்த வெப்பமே அதைப் பின்னுக்குத் தள்ளியது.

ஜான் ஆண்டர்சன் குழு 2008-இல் ஒரு சூத்திரம் தந்தது. பூமியின் சுழற்சியும், கலம் வரும், போகும் திசைகள் நிலநடுக்கோட்டுக்குச் சாய்ந்த கோணங்களுமே அதன் உறுப்புகள். வடக்கே எவ்வளவு சாய்ந்து வந்ததோ, ஏறக்குறைய அவ்வளவே தெற்கே சாய்ந்து போன மெசஞ்சர் விண்கலத்துக்கு வேக மாற்றம் இல்லாததையும் அது சரியாகச் சொன்னது. கைவசமிருந்த எண்களுக்கு அது பொருந்தியதில் வியப்பில்லை. அவற்றிலிருந்தே அமைத்தது அல்லவா! ஆனால் ரொசெட்டா விண்கலம் 2007, 2009-இலும், ஜூனோ விண்கலம் 2013-இலும் பூமியைக் கடந்தபோது வேக மாற்றம் எதுவும் தென்படவில்லை.

ஆக, புதிய கொள்கை எதுவானாலும் நியரின் 13.46-ஐ மட்டும் காட்டி அரங்கேற முடியாது. ஜூனோவின் பூஜ்யத்துக்கும் அதே சமன்பாடு விடை சொல்ல வேண்டும். புதனின் 43 விகலையையும் கலைத்துவிடக் கூடாது. கலத்தைச் சோதிக்கும் கட்சிக்கும் இதில் சலுகையில்லை: நியரைத் தள்ளியது எது என்று அதுவும் இன்னும் காட்டவில்லை.