பம்ப் டிரைவ் காட்டும் வோல்ட்: அளந்ததா, கணக்கிட்டதா?

புதுக்கோட்டை மாவட்டத்தின் ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு பக்கத்தில் பூவும் வாழையும் தென்னையும் பெரும்பாலும் போர் தண்ணீரை நம்பித்தான் இருக்கின்றன. 1990 முதல் விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம்தான். ஆனால் மும்முனை மின்சாரம் முறை வைத்தே வருகிறது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் மின்கம்பங்களைச் சாய்த்தபோது, மின்கம்பியை மட்டும் நம்பிய பாசனம் எப்படி முடங்கும் என்பதைப் புதுக்கோட்டை மாவட்டம் நேரில் கண்டது. மறு ஆண்டு சூரிய சக்தி பம்ப்களுக்கு மானியம் தரும் பிஎம் குசும் திட்டம் வந்தது. இன்று வேளாண் பொறியியல் துறை மூலம் சூரிய சக்தி பம்ப்செட்டுகள் மானியத்தில் கிடைக்கின்றன.

இந்த பம்ப்செட்டுகளில், பேனலில் வரும் டிசி மின்சாரத்தை மோட்டாருக்கு வேண்டிய மும்முனை ஏசியாக மாற்றுவது டிரைவ். பல டிரைவ்கள் நேரடியாக அளப்பது ஒரே ஒரு மின்னழுத்தத்தைத்தான்: உள்ளே பேனலின் டிசி வந்து சேரும் 'டிசி பஸ்'ஸின் வோல்ட். மோட்டாருக்குப் போகும் மூன்று முனைகளின் வோல்ட்டை அவை அளப்பதில்லை. டிசியை ஏசியாக மாற்றும் சுவிட்சுகளில் எது எவ்வளவு நேரம் ஆனில் இருக்க வேண்டும் என்பது டிரைவே இடும் கட்டளை. அந்த நேரத்தையும் பஸ் வோல்ட்டையும் கொண்டு வெளியே போகும் வோல்ட்டைக் கணக்கிட்டுக்கொள்கிறது. அளக்காமல் கணக்கிடும் இந்த வழக்கம் எந்த அளவுக்குச் சரி?

பம்ப்பை ஓட்டுவதற்கு இது தாராளமாகப் போதும். சோலாரில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது பஸ் வோல்ட்தான். 415 வோல்ட் கொடுக்க பஸ்ஸில் ஏறக்குறைய 587 வோல்ட் வேண்டும். வெயில் தாழ்ந்து பஸ் 450க்கு இறங்கினால் 318 வோல்ட்டுக்கு மேல் கிடைக்காது. அப்போது அலைவெண்ணையும் 38 ஹெர்ட்ஸ் அளவுக்கு இறக்கினால்தான் மோட்டார் சூடாகாமல் ஓடும். இந்த முடிவுக்கு பஸ் அளவு ஒன்றே போதும்.

கணக்கில் பிழை வராமல் இல்லை. மேல் சுவிட்சும் கீழ் சுவிட்சும் ஒரே நேரத்தில் ஆன் ஆகிவிடாதபடி நடுவே ஓர் இடைவெளி விடுவார்கள். 600 வோல்ட் பஸ், 3 மைக்ரோ விநாடி இடைவெளி, விநாடிக்கு 5000 சுவிட்சிங் என்று வைத்தால் பிழை 9 வோல்ட். முழு வேகத்தில் இது பொருட்டே அல்ல. 5 ஹெர்ட்ஸில் கொடுக்கும் அழுத்தத்தில் கால் பங்கை இது தின்றுவிடும். ஆனால் பம்ப் அந்த வேகத்தில் நிற்பதில்லை, கிளம்பும்போது கடந்துபோகிறது, அவ்வளவுதான். அளக்கும் பாகத்திலும் ஒரு நன்மை உண்டு. பஸ் வோல்ட்டைக் குறைத்துப் படிக்க வரிசையாக வைத்த மின்தடைகளில் ஒன்று அறுந்தால் அளவு பூஜ்யமாகி டிரைவ் தானாக நின்றுவிடும். இப்படி அறுந்தாலும் மோட்டாரைக் காவு வாங்காத அமைப்பு இது.

குறை தெரிவது மோட்டார் நின்றுபோகும் அன்று. ஒரு முனையில் கரண்ட் இல்லை என்று டிரைவ் டிரிப் ஆகிறது. பழுது எங்கே? டிரைவுக்குள் ஒரு சுவிட்ச் போயிருக்கலாம். கேபிள் ஜாயிண்ட் விட்டிருக்கலாம். காயில் கருகியிருக்கலாம். கரண்டை மட்டும் அளக்கும் கருவி இவற்றைப் பிரித்துச் சொல்லாது. முனையின் வோல்ட்டையும் அளந்தால் பாதி விடை கையில் இருக்கும்: வோல்ட் வந்தும் கரண்ட் ஓடவில்லை என்றால் பழுது கிணற்றுப் பக்கம், வோல்ட்டே சரியாக வரவில்லை என்றால் பழுது டிரைவில். ஐந்நூறு அடியிலிருந்து பைப்பைக் கழற்றிக் கழற்றி மோட்டாரை மேலே ஏற்றுவதற்கு ஆள், வண்டி, கூலி, ஒரு நாள் தண்ணீர் எல்லாம் போகும். ஏற்றிய பிறகு மோட்டாரில் குற்றமில்லை என்று தெரிந்தால் அந்தச் செலவை யார் ஏற்பது?

இன்னொரு குறை டிஸ்ப்ளேயில் இருக்கிறது. 'அவுட்புட் வோல்ட்' என்று அங்கே ஓடும் எண் கணக்கிட்டது, ஆனால் அளந்ததைப் போலவே காட்டப்படுகிறது. மெக்கானிக் தன் சாதாரண மல்டிமீட்டரை வைக்கிறார். துண்டு துண்டாக வரும் அலையை அந்த மீட்டரால் ஒழுங்காகப் படிக்க முடியாது, அது வேறொரு எண்ணைக் காட்டுகிறது. டிரைவ் கணக்குச் சொல்கிறது, மீட்டர் தப்பாகச் சொல்கிறது. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு மோட்டாரின் விதியை முடிவு செய்கிறோம்.

மூன்று முனைகளையும் அளந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லவும் முடியாது. நீளமான கேபிளில் அலை மோதித் திரும்பி, மோட்டார் முனையில் பஸ் வோல்ட்டைப் போல இரு மடங்கு வரை எகிறலாம். மேலே பெட்டியில் அளப்பவருக்கு அது தெரியாது. அதற்கு மருந்து டிரைவின் வெளியே பொருத்தும் சோக் அல்லது ஃபில்டர்தான். அளந்த அலையை வடிகட்டிப் படிக்கச் சற்றுத் தாமதமும் ஆகும். மோட்டாரைக் கட்டுப்படுத்த அந்தத் தாமதம் இடைஞ்சல். பழுது கண்டுபிடிக்க அது ஒரு தடையே இல்லை.

ஆகவே ஓட்டுவதற்குக் கணக்கு போதும், பழுது பார்ப்பதற்கு அளவு வேண்டும். முனைக்கு நான்கைந்து மின்தடைகள், ஒரு சிறு ஆம்ப்ளிஃபையர்: மோட்டாரை ஒரு முறை வீணாக ஏற்றி இறக்கும் செலவோடு வைத்துப் பார்த்தால் இது அற்பம். மானியம் பொதுப் பணம். அந்தப் பணத்தில் வாங்கும் டிரைவுக்கு மூன்று நிபந்தனைகள் வைப்பது நியாயம்: வெளிமுனை மூன்றிலும் வோல்ட் அளக்க வேண்டும், திரையில் எது அளந்தது எது கணக்கிட்டது என்று தமிழில் எழுதியிருக்க வேண்டும், டிரிப் ஆன நொடியின் அளவுகளைச் சேமித்து மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும்.